யார் கேட்டது?

வாட்ஸ்அப் காலில் ஒருவன் நம்மைச் சாதி சொல்லித் திட்டினால் அது நடந்ததா, நடக்கவில்லையா? தத்துவ வகுப்பில் கேட்கிற கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் ஒரு காவல் நிலையத்தின் பெஞ்சில் எங்கள் தெரு அக்காவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு முன்னால் இருந்தது இந்தக் கேள்வி ஒன்றுதான்.

அக்கா பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரத் தெரு என்று இன்னும் நாங்கள் சொல்கிற பக்கத்தில், ஒரு தங்கும் விடுதியில் அறை கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தவர். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. நாலு முறை போன் அடித்தார், எடுக்கவில்லை. ராத்திரி பத்தரை மணிக்குத் திருப்பி அடித்தவன் சாதாரண காலில் வரவில்லை, வாட்ஸ்அப்பில் வந்தான். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவின் சாதியைச் சொல்லி, அந்தச் சாதிப் பொம்பளைக்குக் கணக்குக் கேட்கிற வாய் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்து, நான் இங்கே எழுத விரும்பாத இடம் வரைக்கும் போனான். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒருத்தர்தான் கேட்டார்.

"யாரும்மா கேட்டது? ரெகார்டு பண்ணியா?"

"வாட்ஸ்அப்ல ரெகார்டு ஆவாதுங்க சார்."

"அப்ப என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

அந்தக் காவலர் கெட்டவர் என்று நான் எழுதப் போவதில்லை. விரட்டவில்லை, உட்காரச் சொன்னார். சட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கேட்டார். சிக்கலே அங்கேதான். அக்கா போனை நீட்டினார். அதில் அவன் எண் இருந்தது, நேரம் இருந்தது, நான்கு நிமிடம் பேசியதாகக் கணக்கும் இருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

போனோடு வருகிற ரெகார்டர் சாதாரணமாக இந்தக் காலைப் பிடிக்காது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுமையான பூட்டு ஒன்றைப் போட்டது. பேசுகிற இருவரைத் தவிர நடுவில் ஒருவரும் கேட்க முடியாது, கம்பெனிக்காரனும் கேட்க முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லஞ்சம் கேட்கிறவர், கட்டப்பஞ்சாயத்து பேசுகிறவர், இவர்களிடமிருந்து இன்று முதலில் வருகிற வார்த்தை "வாட்ஸ்அப் கால்ல வா" என்பதுதான். சுவடில்லாமல் பேசலாம் என்பது சிலருக்கு எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அதைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

முன்பு இப்படி இல்லை. மஞ்சள் போர்டு எஸ்டிடி, ஐஎஸ்டி பூத் காலத்தில் எங்கள் தெருவின் பேச்செல்லாம் ஊர் கேட்கத்தான் நடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர்களின் பிள்ளைகள் பிரான்சில் இருந்தார்கள். ராத்திரி கட்டணம் குறைகிற நேரம் பார்த்து வரிசையில் நின்று, மீட்டரைப் பார்த்துக்கொண்டே, சாவையும் கல்யாணத்தையும் கத்திச் சொல்லிவிட்டு வருவார்கள். பூத்காரருக்குத் தெரியாத குடும்பச் சங்கதி கிடையாது. அந்தரங்கம் என்பது அன்று வீட்டில் போன் வைத்திருந்தவர்களின் சொத்து. இப்போது அக்காவின் தம்பி பாரீசுப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறார், தனிக் கட்டணம் என்று ஒன்று கிடையாது, பேச்சு பேசுகிறவர்களுக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு அந்தரங்கம் கிடைத்துவிட்டது. அதே கதவு வழியாகத்தான் அந்த நான்கு நிமிடமும் வந்தது.

சட்டத்துக்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகும், சாதிப் பெயரால் திட்டுவதைக் குற்றமாக்க ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: அது 'பொதுமக்கள் பார்வையில்' உள்ள இடத்தில் நடக்க வேண்டும். ஸ்வரண் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் சொன்னது. வீட்டு வாசல் கேட் பொதுப் பார்வைக்குள் வரும். கட்டடத்துக்கு உள்ளே என்றால் பொதுமக்கள் யாராவது அங்கே இருந்திருக்க வேண்டும். உறவினரும் நண்பரும் மட்டும் இருந்தால் போதாது. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் நான்கு சுவருக்குள் வெளியார் இல்லாமல் நடந்தது இந்தப் பிரிவில் வராது என்றது. அதே ஆண்டு மே மாதம் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், ஊர்த் தலைவர் ஒருவரைப் போனில் சாதி சொல்லித் திட்டியதாக வந்த வழக்கில், மூன்றாமவர் யாரும் கேட்காத போன் பேச்சு பொதுப் பார்வை ஆகாது என்று சொல்லிவிட்டது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படியொரு போன் வழக்கை ரத்து செய்ய மறுத்தது உண்டு. ஆனால் அங்கேயும் கேள்வி, திட்டியவர் பொது இடத்திலிருந்து பேசினாரா என்பதுதான். யூடியூபில் ஏற்றிய பேச்சு ஒன்றில் 2022இல் கேரள உயர் நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. இணையத்தில் ஒருவர் அதைத் திறந்து பார்க்கிறபோதெல்லாம் அவர் அங்கே இருந்ததாகவே அர்த்தம் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஊருக்கெல்லாம் காட்டியவனைப் பிடிக்கும். காதுக்குள் மட்டும் பேசியவனைப் பிடிக்காது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஆட்களே பலர் இதைச் சாட்சிப் பிரச்சனை என்று நினைக்கிறார்கள். ரெகார்டு இருந்தால் ஜெயித்துவிடலாம் என்கிறார்கள். அப்படி இல்லை. அக்கா சொல்வது அத்தனையும் உண்மை, ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று நீதிபதி ஒப்புக்கொண்டாலும், வேறு யாரும் கேட்காததால் இந்தப் பிரிவின்படி குற்றம் இல்லை. வெட்டுவேன் குத்துவேன் என்றிருந்தால் மிரட்டலுக்கு வேறு பிரிவு உண்டு. வெறுமனே சாதியைச் சொல்லிக் கேவலப்படுத்தினால்? பிறர் பார்க்காத அவமானம் அவமானமே அல்ல என்கிற ஒரு தத்துவம் அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தத்துவம் யாருடையது? மானம் என்பதைச் சொத்தாகப் பார்ப்பவர்களுடையது. நாலு பேரிடம் ஒருவருக்கு மதிப்பு இருக்கிறது, அதை நாலு பேர் முன்னால் குறைத்தால் நஷ்டம், நஷ்டத்துக்கு வழக்கு. மானநஷ்ட வழக்கு என்றுதானே சொல்கிறோம். ஊரில் மதிப்பு வைத்திருக்கிறவனுக்கு இது பொருந்தும். சாதி சொல்லித் திட்டும்போது நடப்பது வேறு. அவன் அக்காவின் மதிப்பைப் பிறர் கண்ணில் குறைக்கவில்லை, உன் இடம் இதுதான் என்று அக்காவிடமே சொல்கிறான். அதற்கு வேடிக்கை பார்க்க ஆள் தேவையில்லை. கேட்க வேண்டியவர் கேட்டால் போதும், மறுநாள் காலையில் சம்பளம் கேட்கப் போகாமல் இருந்தால் போதும். வேலை முடிந்துவிட்டது.

'பொது' என்ற சொல்லும் நமக்குப் பழைய பகை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745இல், தேவாலயத்துக்குள்ளே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரித்து வைத்த சுவரைப் பற்றிய தகராறு பதிவாகியிருக்கிறது. ஒரே கூரை, ஒரே சாமி, நடுவில் சுவர். பொதுத் தெருவில் நாம் நடக்கலாம் என்பதற்கே 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ள 1927இல் மகாடுக்கு அம்பேத்கர் போக வேண்டியிருந்தது. எந்தப் பொதுவிலிருந்து நம்மைத் தள்ளி வைத்தார்களோ, அந்தப் பொதுவிலிருந்தே ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டி வா என்றால் எப்படி? எங்கள் தெருவில் கேட்டவரெல்லாம் அக்காவுக்கு அத்தை, சித்தப்பா, மச்சான். பொதுமக்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வார்த்தை அவன் உண்டாக்கியதா? அவனுக்கு முன்னால் அவன் அப்பன் சொன்னது, அவன் பாட்டன் சொன்னது. அதைச் சொன்னவுடன் எதிர்முனையில் என்ன நடக்கும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அந்த நிச்சயத்தை அவனுக்குக் கொடுத்தது ஊர். ஊர் அந்தக் காலில் இருந்தது. அது காவல் நிலையத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறது.

அப்படியானால் என்ன கேட்பது? பூட்டை உடை, எல்லாக் காலையும் பதிவு செய் என்று கேட்கலாமா? கோபத்தில் நானும் அன்றைக்கு அப்படித்தான் பேசினேன். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் கம்பெனி சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கம்பெனிக்கு அதன் வியாபாரம். ஆனால் நம் வீட்டுப் பக்கம் இருந்து யோசித்தாலும் அந்தப் பூட்டு நமக்கு வேண்டும். வேறு சாதிப் பெண்ணோடு பேசுகிற நம் பையனுக்கு வேண்டும். ஊர்க்கூட்டத்துக்குத் தெரியாமல் புகார் எழுதுகிறவர்களுக்கு வேண்டும். பூட்டை உடைக்கிற அதிகாரம் வந்தால் முதலில் தட்டப்படுகிற கதவு எது என்று சேரியில் பிறந்தவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ஷீரடியில் 2015 மே மாதம் சாகர் ஷேஜ்வால் என்ற நர்சிங் மாணவனைக் கொன்றார்கள். தகராறு தொடங்கியது அவன் போன் ஒலித்தபோது; ரிங்டோனாக வைத்திருந்தது அம்பேத்கர் பாட்டு. போன் சத்தமாக ஒலிப்பதே நமக்கு ஆபத்தாகிற நாடு இது.

அதற்கு அடுத்த மாதம், 2015 ஜூனில், திருச்செங்கோடு கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்திப் போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேச்சுப் பேச்சாக வெளியிட்டான், போலீசுக்குச் சவால் விட்டான். அது போன் போனாகச் சுற்றியது, சொந்தச் சாதி இளைஞர்கள் அதைப் பெருமையோடு அனுப்பிக்கொண்டார்கள். அவன் சரணடைந்தது அக்டோபரில். ஆயுள் தண்டனை வந்தது 2022 மார்ச்சில், உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 ஜூனில். ஒளிந்திருந்தவன் குரல் ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. தாய் சித்ராவின் குரல் தீர்ப்பில் கேட்க ஏழு வருஷம் ஆனது. தன்னைக் காட்ட வேண்டும் என்றால் ஊரறியப் பேசுகிறார்கள், மறைக்க வேண்டும் என்றால் காதோடு பேசுகிறார்கள். தேர்வு செய்கிற வசதி அவர்களிடம் இருக்கிறது. கருவியை மாற்றிப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மாற வேண்டியது அந்த ஒரு சொல். இதே சட்டத்தின் எட்டாம் பிரிவில், குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியுமென்றால், அவர் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அதாவது சட்டத்துக்கு ஊர் நடப்பு தெரியும்; தெரியாது என்று நடிக்க அவனை விடவில்லை. அந்த அறிவை 'பொதுப் பார்வை' வரைக்கும் ஏன் கொண்டுபோகவில்லை? பொய் வழக்கு வரும் என்பார்கள். வரலாம். அதைத் தீர்க்கத்தான் விசாரணை இருக்கிறது. ஒரே ஒருவர் சாட்சியத்தை நம்பித் தண்டனை கொடுக்க இந்தியச் சாட்சியச் சட்டம் என்றைக்கும் தடை சொன்னதில்லை. நம்பலாமா வேண்டாமா என்று விசாரித்துச் சொல்லட்டும். விசாரிக்கவே ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது.

இதையெல்லாம் அக்காவிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினார். "இன்னா தம்பி, எங்காதுல கேட்டது எங்காதுல கேட்டதுதானே? அதுக்கு எதுக்கு இம்மாம் பேச்சு?"

அவர் தன் வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். விடுதி ஆள் என்றில்லை, அந்த மாதிரி எண் எதிலிருந்து வந்தாலும் போனை எடுத்துக்கொண்டு தெருக் குழாயடிக்கு வந்துவிடுகிறார். அங்கே தண்ணீர் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள், எதிர்க் கடையில் டீ குடிக்க வெளி ஆட்களும் நிற்பார்கள். போன வாரம் நானும் நின்றிருந்தேன். அவன்தான், சம்பள விஷயமாக. அக்கா ஸ்பீக்கரை அழுத்திப் போனைத் திட்டின்மேல் வைத்தார்.

"என்ன, ஒரே சத்தமா இருக்கு? எங்க இருக்க நீ?"

"தெருவுல இருக்கேன். சொல்லுங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "சரிம்மா, நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றான்.