சுமார் என்று சொல்லும் உரிமை

ஏமாற்றமாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. ஊரிலேயே இருப்பவன், கோயில் திருவிழாவில் நடந்த பாட்டுக் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து, பாடகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஒலிபெருக்கி காதைக் கிழித்தது, போன நேரம் வீண் என்று வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து கால்மணி நேரம் வைதாலும் ஒருவரும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. எல்லை கடந்து பிழைக்கப் போனவன், உலகப் பிரசித்தி பெற்ற ஒருவருடைய நிகழ்ச்சிக்குப் போய்வந்து அதே வார்த்தைகளைச் சொன்னால், கேட்பவர்களுடைய முகம் மாறிவிடுகிறது. ஏமாற்றம் என்பது போய்வந்தவனுடைய ஆடம்பரங்களுள் ஒன்று என்று அவர்கள் நினைக்கிறார்கள் போலும். அந்த நினைப்பில் முழுப் பொய் இல்லை என்பதுதான் சில காலமாக என்னை வருத்திவருகிறது.

நான் சிடாம் கிரியில் பிறந்தவன். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். சுங்கைப்பட்டாணிப் பக்கத்தில், பால்மரமும் செம்பனையுமாக இருந்த அந்தப் பிரதேசத்துப் பையன்கள், உறுமி மேளக் குழுவில் இடம் கிடைப்பதையே கலையின் உச்சமாகக் கருதிவந்த காலத்தில், யோகி பியும் நட்சத்ராவும் 2006ஆம் ஆண்டு ‘வல்லவன்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். இளையராஜா 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு அமைத்த ‘மடை திறந்து’ அதிலே சொல்லிசையாக மறுஜன்மம் எடுத்திருந்தது. நாங்கள் பேசுகிற தமிழே, சற்றும் மெருகேற்றாமல், தாளத்தின் மேல் சவாரி செய்யக்கூடும் என்பதை நாங்கள் தெரிந்துகொண்டது அன்றுதான். அதன்பிறகு அந்தக் கலையின் மூலஸ்தானமான அமெரிக்காவை நோக்கி எங்கள் காதுகள் திரும்பியதில் வியப்பில்லை. வரி புரியாவிட்டாலும் பாடுகிறவர் மூச்சு எங்கே விடுகிறார், எங்கே பிடிக்கிறார் என்பதுவரை மனப்பாடம் செய்துவைத்திருந்தோம். என் சிற்றப்பா மகன் இன்றைக்கும் ஒப்பிப்பான்.

ஆகவே, நாங்கள் அப்படி மனப்பாடம் செய்த அமெரிக்கப் பெயர்களுள் ஒன்று சிங்கப்பூருக்கு வருகிறது என்று தெரிந்தபோது, நுழைவுச்சீட்டின் விலையை மூன்றுக்கும் மேலான எண்ணால் பெருக்கி மலேசிய வெள்ளியாக்கிப் பார்க்கும் வழக்கத்தை அன்று ஒருநாள் கைவிட்டு, நானும் ஒன்று வாங்கினேன். குறித்த நேரம் கடந்து வெகுநேரத்துக்குப் பின் அவர் மேடைக்கு வந்தார். ஒரு பெரிய விளையாட்டரங்கத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவர் விரல்நுனியளவு தெரிந்தார்; மற்றதெல்லாம் திரைதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்று பள்ளியில் படித்ததை எங்கள் வரிசை அன்று அனுபவத்தில் கண்டது: திரையில் உதடு அசைந்து முடிந்த பிறகே சொல் வந்து சேர்ந்தது, வந்த சொல்லும் சிமிந்திச் சுவர்களில் மோதித் திரும்பிய தன் எதிரொலியோடு கலந்து குழம்பிப்போயிற்று. வீணைக்கோ வயலினுக்கோ அந்த எதிரொலி ஒருவேளை அழகு சேர்த்தாலும் சேர்க்கும். சொல்லையே உயிராகக் கொண்ட ஒரு கலைக்கு அது மரணம்.

இன்னொன்றும் கண்டேன். அவர் ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுத்து ஜனங்களை நோக்கி நீட்டியபோதும் அவருடைய குரல் நிற்கவில்லை. முன்னரே பதிவு செய்த குரல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதன்மேல் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் கூவிக்கொண்டிருந்தார். ஓடியாடிக்கொண்டே அத்தனை வேகத்தில் பாட மூச்சு போதாது என்பதனால், வரிகளின் முடிவைத் தாங்கிப் பிடிக்கத் துணைக்கு ஓர் ஆளை மேடையில் வைத்துக்கொள்வது அந்தக் கலையில் பழைய சம்பிரதாயம். அந்த ஆளின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு எசமானருடைய வேலையையும் எடுத்துக்கொண்டது. என்னைச் சுற்றியிருந்தவர்களோ கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்துகொண்டேயிருந்தார்கள். மிகவும் சலிப்புற்றிருந்த முகங்கள், படம் எடுக்கும் சில விநாடிகளுக்கு மட்டும் உற்சாகம் பூண்டு, பிறகு பழையபடி தளர்ந்தன. அந்த உற்சாகம் எங்கோ தொலைவிலுள்ள ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

அன்றிரவே ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். “எப்படிண்ணே இருந்துச்சு?” என்றான்.

“சுமார்தான்டா” என்றேன்.

“என்னாண்ணே இப்படிச் சொல்றீங்க! அந்த டிக்கெட்டுக் காசுல நாங்க ஒரு மாசச் சாமானே வாங்கிப் போட்டுருவோம். போயிட்டு வந்த உங்களுக்குச் சுமாரா இருக்கு.”

அவன் கோபித்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது, புண்பட்டான். அவன் பொருட்டும் நான் அங்கே போயிருந்தேன் என்பதையும், என் பொறுப்பில் அவன் விட்டுவைத்திருந்த ஓர் ஆசையை நான் பழுதாக்கித் திருப்பிக் கொடுத்ததாக அவன் எண்ணுவதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

போனவன் ஊரிலிருப்பவர்களின் ஆசையைப் பழுதில்லாமல் காக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு புதிதன்று. நம்மவரை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கிய காலத்தில், ஒப்பந்தக்கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நின்றபின் ஓங்கி நின்றது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணியே தன் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிப்போய், நல்ல வேட்டியும் அங்கவஸ்திரமும் தரித்து, கையில் ரொக்கத்தோடு, உறவினரையும் சாதிசனத்தையும் கண்டு பேசி ஆள் திரட்டிவந்தான். 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும் வரையில் அது நடந்தது. கங்காணி சொன்ன பொய்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் நினைப்பது அவனோடு வந்து லயத்தில் குடியேறிய சாதாரண மனிதனை. காய்ச்சலிலும் கடனிலும் கிடந்துகொண்டே, எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுவித்தவனை. அவனை யாரும் அப்படி எழுதும்படி வற்புறுத்தவில்லை; வீட்டார் அடகு வைத்ததையும் அழுததையும் நினைத்தபோது, அக்கரைச் சீமை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. கங்காணியின் பொய்யைவிட அந்த மௌனமே நெடுந்தூரம் சென்றது என்பது என் அபிப்பிராயம்.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. நாங்கள் காது கொடுத்த அந்தக் கலை, அதாவது ஹிப் ஹாப், பிறந்ததாகச் சொல்லப்படும் தினம் 1973 ஆகஸ்ட் 11. இடம், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறை. பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஏற்பாடு செய்த விருந்து அது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுச் சுழற்றிய அவளுடைய அண்ணன் கிளைவ், அதாவது டி.ஜே. கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து சிறுபிராயத்தில் வந்து குடியேறியவர். ஆக, புலம்பெயர்ந்த ஒரு குடும்பம் துணிக்காசுக்காக ஒரு சிறு அறையில் தொடங்கிவைத்த கலை அது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினர் வெளியிட்ட ‘தி மெசேஜ்’ முதலாக, தாங்கள் வாழும் தெரு நாறுகிறது என்று பகிரங்கமாகச் சொல்வதையே அந்தக் கலை ஒரு தர்மமாக வைத்துக்கொண்டது. அதன் ரசிகர்களாகிய நாம், ஒரு கச்சேரி நன்றாக இல்லை என்று சொல்வதற்குக் கூசி நிற்கிறோம்! (அந்தக் கலையில் தற்பெருமைக்கும் பஞ்சமில்லை, நாம் அதனிடமிருந்து கற்றுக்கொண்டது அதை மட்டுந்தானோ என்னவோ.)

தம்பியின் கட்சியை நான் ஒதுக்கிவிடவில்லை. கிடைத்தவன் கிடைத்ததைக் குறை கூறுவது, கிடைக்காதவன் செவியில் தலைகீழான ஒரு பெருமையாகவே விழும். பட்டினி கிடப்பவன் எதிரில் பாயசத்தில் சர்க்கரை குறைவு என்று சொல்வது நாகரிகமாகாது. ஆனால் பொய் சொல்லியிருந்தால் மட்டும் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? அவனும் ஒருநாள் காசு சேர்த்து அப்படியொரு அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அண்ணனுக்கு இன்பமாயிருந்தது எனக்கு ஏன் ருசிக்கவில்லை என்று தன்னையே குறைசொல்லிக்கொண்டு, கைபேசியை உயர்த்திச் சிரித்திருப்பான். உள்ளதைச் சொல்வதனால் யாரும் பிரயாணத்தை நிறுத்திக்கொள்வதில்லை. மலாயாவின் கஷ்டங்கள் தெரிந்த பின்னும் ஜனங்கள் கப்பலேறினார்கள், ஏனெனில் ஊரில் பசியும் சாதிக்கொடுமையும் அதைவிட மோசமாயிருந்தன. சேர்ந்த இடத்தில் மனம் ஒப்பாமற்போனால் அது தன் குற்றமன்று என்று அறிந்திருப்பது ஒன்றே அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபம், அதுவும் கிடைக்காமற்போயிற்று.

சில நாள் கழித்துத் தம்பியே மறுபடியும் பேசினான். “அடுத்த தடவ எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கண்ணே. சுமாரா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன்” என்றான். அவன் இங்கே வேலைக்கு வரவும் யோசித்துக்கொண்டிருக்கிறான். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறோம், வாடகை போக என்ன மிஞ்சும், வார இறுதியில் ஜொகூர்ப் பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும் என்பதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்; வருவதை நிறுத்துவதாகச் சொல்லவில்லை, நிறுத்தும்படி நானும் சொல்லவில்லை. டிக்கெட் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை: மேடைக்கு அருகே என்றால் விலை எட்டாது, தொலைவில் என்றால் எனக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேரும். தொலைவிலேயே எடுங்கள் என்கிறான் அவன்.