புகைக்கு வரி: யார் கட்டுவது நியாயம்?

2018 நவம்பர் 17, சனிக்கிழமை. பிரான்ஸ் முழுவதும் சாலைச் சந்திப்புகளில் மஞ்சள் மேலங்கி அணிந்த மக்கள் திரண்டு வழியை மறித்தார்கள். அரசின் கணக்குப்படியே அன்று கூடியவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். டீசல், பெட்ரோல் மீதான வரி உயர்வைக் கைவிட வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் கோரிக்கை. புவி வெப்பமடைவதைக் குறைக்கும் நோக்கத்தோடு கொண்டுவரப்பட்ட கார்பன் வரி அது. மூன்று வாரங்களுக்குள் அரசு பணிந்தது. டிசம்பர் 4ஆம் தேதி, உயர்வை நிறுத்திவைப்பதாகப் பிரதமர் எதுவார் பிலிப் அறிவித்தார். பிறகு உயர்வே கைவிடப்பட்டு, கரியமில வாயு டன்னுக்கு 44.60 யூரோ என்ற அளவிலேயே வரி உறைந்துபோனது.

அதற்குப் பின் காலநிலைக்காக வரி போட நினைக்கும் எந்த அரசும் பிரான்ஸை நினைத்துத் தயங்குகிறது. வரியை எதிர்த்தவர்கள் தன்னலக்காரர்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஏழையின் தலையில் சுமையை ஏற்றிய அரசே குற்றவாளி என்கிறது மறுதரப்பு. இரண்டில் எது அறத்தின் பக்கம் நிற்கிறது?

வரியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் ஆர்தர் பிகு 1920இலேயே இதற்கு அடித்தளம் இட்டார். ஆலைப் புகையால் அக்கம்பக்கத்தாருக்கு நேரும் கேட்டின் செலவு ஆலைக்காரரின் கணக்கில் ஏறுவதே இல்லை. அந்தச் செலவை அவரே ஏற்கச் செய்வதுதான் வரியின் வேலை. இன்று அந்த அக்கம்பக்கம் உலகளவுக்கு விரிந்துவிட்டது. 2022இல் பாகிஸ்தானைச் சூழ்ந்த வெள்ளம் 3.3 கோடி மக்களைப் பாதித்தது. 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் அந்நாட்டின் பங்கோ ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எரித்தவர் ஓரிடத்தில் வசதியாக இருக்க, எரிக்காதவர் வேறோரிடத்தில் வீடிழந்து நிற்கிறார். ஆகவே எரிப்பவர் கட்டும் கார்பன் வரியைக் கொடை என்று சொல்ல முடியாது, அது கடன். கடனைக் கட்ட மறுப்பதை உரிமை என்று யாரும் கொண்டாட முடியாது.

ஆனால் கடனை யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்ற கேள்வி அதோடு முடிவதில்லை. பிரான்ஸின் சிற்றூர்களில் பேருந்தோ ரயிலோ போதுமான அளவு இல்லை. வேலைக்குப் போகக் கார்தான் கதி. டீசல் கார் வாங்கும்படி அங்குள்ளவர்களைப் பல பத்தாண்டுகளாகக் குறைந்த வரியால் ஊக்குவித்ததும் அதே அரசுதான். எரிபொருள் வரி ஏறிய அதே 2018இல், பெருஞ்செல்வர்கள் கட்டிவந்த செல்வ வரி நீக்கப்பட்டு, நிலம், கட்டடங்களுக்கு மட்டுமேயான வரியாகச் சுருக்கப்பட்டது. கார்பன் வரியாகத் திரண்ட தொகையில் பெரும்பகுதி பொதுக் கருவூலத்துக்கே போனது. உலகத்தின் முடிவைப் பற்றி அவர்கள் கவலைப்படுகிறார்கள், மாதத்தின் முடிவைப் பற்றி நாங்கள் கவலைப்படுகிறோம் என்ற முழக்கம் தெருவில் எழுந்ததற்குக் காரணம் இதுதான். மாதக் கடைசியை எண்ணிக் கலங்குபவரை, உலகைப் பற்றி அக்கறையற்றவர் என்று ஏசுவது அறமாகாது.

இந்தியாவும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய மேல்வரி 2016இல் 400 ரூபாயாக உயர்ந்தது. தூய எரிசக்தியை வளர்க்க ஒரு தேசிய நிதியம் அமைப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் கணக்கில் அது கரைந்துபோனது. மாநிலங்களுக்கு இழப்பீடு தருவதில் தவறில்லை. ஆனால் ஒரு நோக்கத்தைச் சொல்லி வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவிடும்போது, அடுத்த முறை அதே நோக்கத்தைச் சொன்னாலும் மக்கள் நம்பமாட்டார்கள்.

உலகமயமாதல் இந்த அநீதியை இன்னும் ஆழமாக்கிவிட்டது. மூலதனம் எல்லை தாண்டிப் போகும்; வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளியால் போக முடியாது. எங்கே நகர முடியாதோ அங்கேதான் வரி அழுத்துகிறது. 1991இல் கார்பன் வரியைத் தொடங்கிய ஸ்வீடன்கூட, ஆலைகள் வெளிநாடு போய்விடும் என்று அஞ்சி இரண்டே ஆண்டுகளில் தொழிற்சாலைகளுக்கான விகிதத்தைக் கால் பங்காகக் குறைத்தது. குடும்பங்கள் முழு விகிதத்தைக் கட்டின. சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கோ பெரும்பாலும் வரியே இல்லை. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும், அதன் வழியில் நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் தந்த சலுகை அது. உலக வெளியேற்றத்தில் ஏறக்குறைய பாதிக்கு மிகப் பணக்காரரான பத்து சதவீதத்தினரே காரணம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்ட, கண்டம் தாண்டிப் பறக்கும் விமானத்தின் எரிபொருள் வரியின்றி எரிகிறது. இந்த ஏற்பாட்டுக்கு எந்த அறநூலும் சான்று தராது.

அப்படியானால் நியாயமாகப் போட்ட வரியை மக்கள் ஏற்பார்களா? தொழிற்சாலைச் சலுகை என்ற குறை இருந்தாலும், ஸ்வீடன் ஆம் என்கிறது. வருமான வரியைப் பெருமளவு குறைத்த சீர்திருத்தத்தோடு சேர்த்தே அங்கு கார்பன் வரி வந்தது. நகரங்களில் வீடுகளைச் சூடாக்க எண்ணெய்க்கு மாற்று வழியும் இருந்தது. 1990க்குப் பின் அந்நாட்டின் வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது, பொருளாதாரமோ வளர்ந்தது.

கனடா வேறு விதமாகப் பதில் சொல்கிறது. 2019 முதல் எரிபொருளுக்கு விதித்த கட்டணத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை அரசு குடும்பங்களுக்கே திருப்பித் தந்தது. ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலானவை கட்டியதைவிடக் கூடுதலாகவே பெற்றன. எனினும் பெட்ரோல் பங்கில் ஏறிய விலை கண்ணில் பட்ட அளவுக்கு, வங்கிக் கணக்கில் சேர்ந்த தொகை மனத்தில் பதியவில்லை. கட்டணத்தின் மீதான வெறுப்பை அரசியல் கட்சிகள் வளர்த்தன. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணம் பூஜ்யமாக்கப்பட்டது. இங்கே குறையை அரசின் மேல் மட்டும் போட முடியாது. தமக்கு நன்மை தந்த ஏற்பாட்டையும் விசாரிக்காமல் தூற்றிய குடிமக்களுக்கும் அதில் பங்குண்டு. வரியை எதிர்க்கும் ஒவ்வொரு குரலும் நீதியின் குரலாகிவிடாது.

நாடுகளுக்கிடையிலும் இதே தராசைப் பிடிக்க வேண்டும். எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற இறக்குமதிகளின் கார்பன் அளவுக்கேற்ப ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கட்டணம் விதிக்கிறது. அறிக்கை தரும் கட்டம் 2023 அக்டோபரிலும், கட்டணக் கடப்பாடு உண்டாகும் கட்டம் 2026 ஜனவரியிலும் தொடங்கின. புகையை வேறு நாட்டுக்குத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் வாங்குவதைத் தடுப்பது சரியே. ஆனால் இரு நூற்றாண்டுகள் நிலக்கரியை எரித்து வளர்ந்த நாடுகள், இப்போதுதான் எழும் நாடுகளிடம் அந்தத் தொகையை வாங்கித் தம் பெட்டியிலேயே போட்டுக்கொள்வது சரியாகாது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, அளவு மட்டும் வேறுபடும் என்று 1992இல் ரியோவில் ஒப்புக்கொண்டவை அந்த நாடுகளும்தான். அந்தப் பணம் ஏழை நாடுகளின் தூய தொழில்நுட்பத்துக்குத் திரும்பினால்தான் எல்லைக் கட்டணத்துக்கு அறத்தின் வலு கிடைக்கும்.

இரு தரப்பையும் எடைபோட்டால் தீர்ப்பு தெளிவாகிறது. கடன் உண்மை; கட்டியே ஆக வேண்டும். ஆனால் மிகுதியாக எரித்தவரை விட்டுவிட்டுக் குறைவாக எரித்தவரிடம் முதலில் கை நீட்டும் அரசுக்கு, கட்டு என்று சொல்லும் தகுதி இல்லை. விமான எரிபொருளுக்கும் பெருஞ்செல்வத்துக்கும் முதலில் வரி, மாற்று வழியில்லாதவருக்குப் பேருந்து, சொன்ன நோக்கத்துக்கே செலவு, அதற்கு ஆண்டுதோறும் பகிரங்கக் கணக்கு. இவற்றைக் கேட்பது குடிமக்களின் உரிமை. இவை கிடைத்த பின்னும் மறுப்பது, நம் பிள்ளைகளின் பெயரில் கடன் வாங்குவதாகும். வரி வேண்டாம் என்று தெருவில் இறங்குவதைவிட, நியாயமான வரி வேண்டும் என்று கேட்பதற்கே அதிகத் துணிவு தேவை. அந்தத் துணிவைத்தான் காலம் இன்று நம்மிடம் எதிர்பார்க்கிறது.