உறுதி பிறக்கும் இடம்

பதஞ்சலி முனிவரின் ஏறத்தாழ 195 யோக சூத்திரங்களுள் ஆசனத்தை நேரடியாக விளக்குபவை மூன்றே. ஆசனத்தின் இலக்கணம் உறுதியும் சுகமும். அது கைகூடும் வழி, முயற்சியின் இறுக்கம் தளர்ந்து மனம் எல்லையற்றதில் ஒன்றுதல். பயன், இருமைகளால் தாக்குறாமை. அவர் கருதியது தியானத்திற்குரிய இருக்கையையே. எனினும், நின்று செய்யும் ஆசனங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

விருக்ஷாசனத்தில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். பல்லைக் கடித்து நின்றால் உடல் மேலும் தள்ளாடும். பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, மூச்சைச் சீராக்கினால் கால் மெல்ல ஊன்றிக்கொள்ளும். சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளிலும் மூச்சோடு இயைந்தே உடல் அசைய வேண்டும். வலிமை அவ்வாறுதான் வளர்கிறது.

விரிப்பைச் சுருட்டியபின் உண்மைச் சோதனை தொடங்குகிறது. கடுஞ்சொல் ஒன்று வந்து விழும்போதும் உள்ளம் நிலைகுலையாதிருந்தால், ஆசனம் கைவந்தது என்று அறிவோமாக.