ஒப்புவித்தலும் காட்டிக்கொடுத்தலும்

வேதத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சபைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று சொல்லாத பாதிரியார் கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி மாடி ஷெட்டில் நடக்கிற சின்னச் சபைகளில் இருந்து, 1936 முதல் குருக்களை உருவாக்கிவரும் பூந்தமல்லி திரு இருதயக் குருமடம் வரைக்கும் இதுதான் பேச்சு. சரி, எதைக் குறைக்காமல்? வார்த்தையையா, அந்த வார்த்தை யாருக்கு நடுவில் என்ன செய்ய வந்ததோ அதையா?

இந்த விசயத்தில் பவுலைத்தான் எல்லாரும் சாட்சிக்கு இழுப்பார்கள். கர்த்தரிடம் பெற்றதை அப்படியே உங்களுக்கு ஒப்புவித்தேன் என்கிற பொருளில் கொரிந்து சபைக்கு எழுதியவர் அவர் (முதல் நிருபம், 11:23). எந்தச் சண்டையில் அதை எழுதினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சோத்துச் சண்டை. பந்திக்கு வந்த வசதிக்காரர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்த வசனத்தின் கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல் இரண்டு முறை வருகிறது. தமிழ் வேதாகமத்தில் முதல் இடத்தில் அது 'ஒப்புவித்தல்'. இயேசுவைப் பிடித்துக் கொடுத்த ராத்திரியைச் சொல்லும்போது அதே சொல் 'காட்டிக்கொடுத்தல்'. கையில் இருப்பதை இன்னொரு கைக்கு மாற்றுவதுதான் இரண்டும்.

தமிழில் ஒப்பிப்பது என்றால் மனப்பாடமாகச் சொல்வதும்தான். எங்க ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. உபதேசியார் வாயால சொன்னதைக் கேட்டுக் கேட்டே பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிப்பாங்க. சேரிக்குள் வேதம் வந்தது பெரும்பாலும் இப்படித்தான். கொண்டுவந்த உபதேசியார்களில் பலர் நம்ம ஆட்கள். சபை வரலாற்றில் அவர்களுக்கு எத்தனை பக்கம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். பறையர். தஞ்சாவூர் ராசாவின் படையில் சிப்பாய், கத்தோலிக்கர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715க்குள் முழுசாக அச்சாகிவிட்டது. அதில் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய பகுதி ராஜநாயக்கன் கைக்கு வந்தது. படித்தார். 1720களின் கடைசியில் தரங்கம்பாடி லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். ஏறத்தாழ நாற்பது வருசம் தஞ்சை நாட்டில் அலைந்து சபைகளைக் கட்டினார். சேரி ஆளுக்கு எழுத்து வராது என்று சொன்ன காலத்தில், அச்சடித்த புத்தகத்தை வாசித்தே வந்த மனிதர்!

1733இல் வெள்ளாளரான ஆரோன் முதல் சுதேசி போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்தவர் யார் என்று 1741இல் பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. ஆனால் பறையன் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவன் அப்பமும் ரசமும் வாங்குவானா என்று மிஷனரிமார் பயந்தார்கள். தியோகு என்பவர் போதகரானார். ராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியார்தான். அவர் வாய் ஆகும், கை ஆகாது.

அந்தப் பயத்துக்கும் ஒரு நியாயம் சொல்வார்கள். வெள்ளாளரை விரட்டினால் அவர்களுக்கு வேதமே போய்ச் சேராது. சாதி உடை மாதிரி ஊர் வழக்கம், உபதேசத்தில் சேர்ந்ததில்லை, மெல்ல மாறும். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (ராபர்ட் தெ நொபிலி) தொடங்கி இந்த வாதம் ஓடுகிறது. இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாதுதான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் எதைக் கொடுப்பது? ஆனால் இப்படிக் கொடுத்ததில் வெள்ளாளருக்குப் போய்ச் சேர்ந்தது எது? தன் திண்ணையில் இருந்து இறங்காமலே வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு வேதம். அந்தியோகியாவில் பேதுரு புறசாதியாரோடு உண்பதைவிட்டு ஒதுங்கியபோது, அது ஊர் வழக்கம் என்று பவுல் விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே போச்சு என்று எல்லார் முன்னாலும் கேட்டார் (கலாத்தியர் 2). சேர்ந்து உண்பது அவருக்கு உபதேசத்தின் பின்னிணைப்பு இல்லை, உபதேசமே அதுதான்.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளர் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். நூறு வருசம் வேதம் கேட்டவர்கள்! 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கையும் தலித்துகள் மேல் சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

ஆவடிப் பக்கம் அதெல்லாம் இல்லை, ஒரே வரிசை, ஒரே பாத்திரம் என்பார்கள். வாஸ்தவம், டவுனில் பக்கத்தில் உட்காருபவன் யாரென்று தெரியாது. கல்யாணப் பேச்சு வரட்டும். "பூர்வீகம் எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?"

திருவிருந்தில் வாசிக்கிற பகுதியைக் கவனித்திருக்கிறீர்களா? கத்தோலிக்கருக்குப் பெரிய வியாழன் வாசகம் அந்தப் பதினோராம் அதிகாரத்தின் 23 முதல் 26 வரை. மற்ற பல சபைகளிலும் 23இல்தான் ஆரம்பம். சோத்துச் சண்டை 17 முதல் 22 வரைக்கும் இருக்கிறது. அது வாசிப்பில் வராது. கூட்டாமல் குறைக்காமல் என்கிறவர்களிடம், வருகிற திருவிருந்தில் 17இல் இருந்து தொடங்கச் சொல்லி நம் சபைகளில் கேட்போம். என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.