குளிர்நீரும் திதிக்ஷையும்

மாக மாதத்தின் கடுங்குளிரில், பொழுது புலரும் முன்பே பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் லட்சக்கணக்கான பக்தர்கள் இறங்கி நீராடுகின்றனர். அவர்களுள் கல்பவாசிகள் ஒரு மாத காலம் ஆற்றங்கரையிலேயே தங்கி, ஒருவேளை உண்டு, தரையில் உறங்கி, அந்நீராடலை விரதமாகவே மேற்கொள்கின்றனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை நடைபெற்ற மகா கும்பமேளாவில் உலகமே இக்காட்சியைக் கண்டது. இந்நீராடல் சாதகனுக்கு உணர்த்துவது யாது?

குளிர்ந்த நீரில் மூழ்கிய கணமே உடல் நம்மைக் கேளாமல் செயல்படத் தொடங்குகிறது. மூச்சு திடுமென உள்ளிழுக்கப்படுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. மனமோ 'கரையேறிவிடு' என்று தவிக்கிறது. இவ்வதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சமடைந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. தொடர்ந்து சில நாட்கள் நீராடினால் அதன் வேகமே குறைவதை உடலியல் அறிஞர்கள் கண்டுள்ளனர். நார்அட்ரினலின் என்னும் சுரப்பு மிகுவதால் விழிப்பும் ஊக்கமும் தோன்றுகின்றன.

நீரின் குளிர் குறையவில்லை. ஆயினும் தவிப்பு அடங்கிற்று. வந்தது போகும் என்றறிந்து, இறைநாமத்தைப் பற்றிப் புலம்பாமல் நிற்பதே திதிக்ஷை. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் குளிரையும் வெப்பத்தையும் காட்டியே இதனை அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். பிறர் கூறும் கடுஞ்சொல் நம்மைத் தாக்கும்போதும் இவ்வாறே. அந்த முதல் அரை நிமிடம் வாய் திறவாதிருப்பவன், இல்லத்திலிருந்தபடியே சங்கமத்தில் மூழ்கி எழுந்தவனாகிறான்.

ஆனால் திதிக்ஷை வேறு, பிடிவாதம் வேறு. இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அம்முதல் அதிர்ச்சியே உயிருக்கு ஆபத்தாகலாம். நெடுநேரம் நின்றால், காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக நீர் உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். கைகால்கள் வலுவிழக்கும், அறிவு மயங்கும். எனவே இயன்றவரும் திடீரெனக் குதியாமல், கைகால்களை முதலில் நனைத்து மெல்ல இறங்கி, மூச்சு சீரானபின் மூழ்கி, விரைவில் கரையேறி உலர்ந்த ஆடை உடுத்துதல் வேண்டும்.

முதிய பெற்றோரைத் தீர்த்த யாத்திரைக்கு அழைத்துச் செல்வோர், 'இவ்வளவு தூரம் வந்து மூழ்காமல் திரும்புவதா?' என்று அவர்களை வற்புறுத்தலாகாது. இயலாதவர்க்கென ஈரத்துணியால் மேனி துடைத்தல், மந்திரம் ஓதி நீர் தெளித்துக்கொள்ளும் மந்திர ஸ்நானம், இறைவனை உள்ளத்தில் தியானிக்கும் மானஸ ஸ்நானம் ஆகியவற்றையும் நம் சாஸ்திரங்கள் கருணையோடு விதித்துள்ளன. படித்துறையில் நடுங்கி நிற்கும் முதியவரின் சிரசில் சில துளி கங்கை நீரைத் தெளித்துக் கம்பளியால் போர்த்துபவரும் புண்ணியமே செய்கிறார்.

உடலால் மூழ்க இயன்றவர் மூழ்குக. இயலாதவர் உள்ளத்தால் மூழ்குக. இருவரையும் கங்கையன்னை ஒன்றாகவே ஏற்றருள்வாளாக!