எலும்புகளோடு கிடந்த ஆசி



ஆரோனும் அவர் புதல்வர்களும் மக்களுக்கு எப்படி ஆசி கூற வேண்டும் என்று ஆண்டவர் மோசே வழியாகக் கற்றுக்கொடுக்கும் பகுதியை முதல் வாசகமாகக் கேட்டோம். எண்ணிக்கை நூல், 6ஆம் அதிகாரம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் நாள் இதே வாசகம்தான். பழகிப்போனதாலேயே அது காதில் விழுந்து நழுவிவிடுகிறது. இந்த ஆசி பொறிக்கப்பட்டு, சுமார் 2,600 ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த இரண்டு வெள்ளித் தகடுகளைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எருசலேம் பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. கெதெஃப் ஹின்னோம் என்று பெயர். 1979இல் தொல்லியலாளர் காபிரியேல் பார்க்காய் அங்கே கல்லறைக் குகைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். பெரிதாக எதுவும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. குகைகளின் கூரையைக் கல்லுக்காக யாரோ எப்போதோ வெட்டி எடுத்திருந்தார்கள்; உள்ளே இருந்தவையும் கொள்ளை போயிருந்தன. கூடமாட உதவியவர்கள் 12, 13 வயதுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவனிடம், சடலம் கிடத்தும் கல்திண்ணைக்குக் கீழே குடைந்திருந்த அறையைச் சுத்தம் செய்யும் வேலை விடப்பட்டது. அந்தக் காலத்து யூதர்கள் உடல் மட்கியதும் எலும்புகளைத் திரட்டி, இப்படிப்பட்ட அறையில் தாத்தா பாட்டியின் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். முன்னோருடன் சேர்வது என்றால் அவர்களுக்கு இதுதான்.

சலிப்பில் அந்தச் சிறுவன் சுத்தியலால் தரையைத் தட்டினான். தரை உடைந்தது. எல்லாரும் தரை என்று நினைத்தது, கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்திருந்த பாறைப் படலம். கொள்ளையரின் கண்ணுக்கு அறை காலியாகத் தெரிந்ததும் அதனால்தான். அதன் அடியில் சுமார் 95 பேருடைய எலும்புகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள்: மண்கலங்கள், அம்புமுனைகள், அணிகலன்கள். அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு சிறு சுருள்கள். பெரியது ஓர் அங்குல நீளம். சிறியது அதில் பாதிகூட இல்லை. நடுவே கயிறு கோக்கத் துளை. வெள்ளி என்று தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பிரித்துப் பார்த்தால் போகிறது என்று நமக்குத் தோன்றும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி அப்படிப்பட்டதல்ல. மண்ணிலுள்ள உப்பு அதை அரித்துத் தின்றிருக்கும், வளைத்தால் நொறுங்கிவிடும். அவசரக்காரர் கையில் அகப்பட்டிருந்தால் அன்றைக்கே பொடியாகியிருக்கும். இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, வெடிப்பு விடாதபடி பின்புறத்தில் நெகிழ்வான அக்ரிலிக் பூச்சுப் பூசி, மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார்கள். மூன்று ஆண்டுகள் பிடித்தன. முழுவதும் பிரித்தபோது பெரியது 10 சென்டிமீட்டர்கூட இல்லை. சிறியது 4 சென்டிமீட்டருக்குள். இரண்டிலும் கூர்முனையால் கீறிய எழுத்துகள், பழைய எபிரேய வடிவத்தில்.

முதலில் அடையாளம் தெரிந்த சொல் ஆண்டவரின் திருப்பெயர்.

பிறகு எழுத்தறிஞர் அடா யார்தேனி வரிகளைப் படியெடுத்துப் படித்தபோது, இன்று நாம் கேட்ட அதே ஆசி சுருக்கமான வடிவில் இரண்டு தகடுகளிலும் இருப்பது தெரிந்தது. ஆண்டவர் காப்பார், தம் முகத்தை ஒளிரச் செய்வார், அமைதி தருவார் என்ற ஆசி. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் புதிதாகப் படமெடுத்து, 2004இல் இன்னும் பல எழுத்துகளைத் தெளிவாக்கினார்கள். பழைய விவிலியப் படிகள் அடங்கிய சாக்கடல் சுருள்களுக்கும் சுமார் 400 ஆண்டுகள் முந்தையவை இந்தத் தகடுகள். இதுவரை கிடைத்த விவிலிய வரிகளில் இவற்றைவிடப் பழையவை இல்லை.

நம் ஊரில் தகட்டில் எழுதிச் சுருட்டி, குப்பிக்குள் அடைத்துக் கட்டுகிறோமே, தாயத்து, அதன் இனம்தான் இதுவும். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாதபோது நம்மில் சிலரும் எங்கோ போய் அதைக் கட்டிவருகிறோம். வெள்ளியும் கயிறும் யாரையும் காப்பதில்லை என்பதை நான் தெளிவாகவே சொல்ல வேண்டும். ஆனாலும் பிள்ளையின் நெற்றியில் கைவைத்து விடிய விடிய விழித்திருக்கும் தாயின் பயத்தை நான் இழிவாக எண்ணமாட்டேன். எருசலேமில் அதை அணிந்தவர்களும் பயத்தோடுதான் அணிந்திருப்பார்கள். பயப்படக் காரணமும் இருந்தது. மனாசே அரசன் காலத்தில் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டது இந்தப் பள்ளத்தாக்கில்தான். எரேமியா மண்கலயத்தைப் போட்டு உடைத்து மக்களை எச்சரித்ததும் இங்கேதான். கி.மு. 587இல் பாபிலோனியர் நகரத்தையே கொளுத்தினார்கள். அந்தக் காலத்தை ஒட்டிய தகடுகள் இவை.

அப்படியானால் ஆசி பலிக்கவில்லையா? காப்பார் என்று எழுதிக் கட்டிக்கொண்டவரின் தகடு எலும்புகளோடு அல்லவா கிடந்தது! இந்தக் கேள்வியோடுதான் இன்று பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். போன ஜனவரி 1ஆம் நாளும் இதே ஆசியை வாங்கிக்கொண்டு போனீர்கள். ஆண்டு முடிவதற்குள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பொய்த்துப்போன பொருளை யாரும் இறந்தவரோடு வைத்து அனுப்பமாட்டார்கள். அந்தக் குடும்பத்தாருக்கு அது சாவைத் தடுக்கிற கருவியாக மட்டும் இருந்திருந்தால் கழற்றி எறிந்திருப்பார்கள். வெள்ளியை உருக்கி விற்றிருப்பார்கள். அவர்கள் அதைக் கல்லறைக்குள்ளும் கூடவே அனுப்பினார்கள். இன்றைய வாசகத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள்: மக்கள்மேல் என் பெயரை வையுங்கள், நான் ஆசி வழங்குவேன் என்பதே ஆண்டவர் சொல்வதன் பொருள். துன்பமே வராது என்று அவர் அங்கே வாக்களிக்கவில்லை. நீ என்னுடையவன், என்னுடையவள் என்று பெயரிடுகிறார். சிறிய தகட்டின் தொடக்கத்தில், அணிந்தவரின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் சிதைந்துவிட்டது. ஆண்டவரின் பெயர் மிஞ்சியது. தன் பெயரை இழந்த அந்த மனிதர் அவருடைய பெயருக்குள்ளே பத்திரமாக இருக்கிறார் என்று நான் முழு மனத்தோடு நம்புகிறேன்.

நற்செய்தியிலும் இன்று ஒரு பெயர்சூட்டு விழா. எட்டாம் நாள் குழந்தைக்கு இயேசு என்று பெயரிடுகிறார்கள். ஆரோனின் ஆசி கேட்ட அந்த ஒளிரும் முகத்தை இடையர்கள் தீவனத் தொட்டியில் பார்த்துவிட்டார்கள். அந்த முகமும் அடிபட்டது, கல்லறைக்குள் போனது. எங்கேயெல்லாம் நாம் போகவேண்டியிருக்கிறதோ அங்கேயெல்லாம் அது முன்பே போயிருக்கிறது. மரியா எதையும் உடனே புரிந்துகொள்ளவில்லை. எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். உங்கள் வீட்டுத் துயரத்துக்கு இந்த ஆண்டே விளக்கம் கிடைக்கவேண்டும் என்று யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டாம். உறவினர்களும் வேண்டாம், நானும் வேண்டாம்.

ஆகவே இன்று இறுதி ஆசிக்கு முன்பாக, கடந்த ஆண்டில் யாரையேனும் அடக்கம் செய்த குடும்பங்கள் முதலில் பீடத்தருகே வாருங்கள். எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள் அமர்ந்த இடத்திலேயே இருங்கள், நான் இறங்கி வருகிறேன். ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து, அவரவர் பெயரைச் சொல்லி, ஆரோனின் ஆசியை ஒரு வரி விடாமல் சொல்வேன். மற்றவர்கள் அதுவரை அவர்களுக்காகச் செபித்துக்கொண்டிருங்கள்.