கைப்பிடிச் சுவரும் கணப்புத் தரையும்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. ரொறன்ரோக் குளிரும் கூடவே வந்துவிட்டது. நெருப்பு என்றாலே தூய ஆவியாரைப் பற்றிப் பேசுவது எங்களைப் போன்ற குருக்களின் வழக்கம். இன்று நிஜ நெருப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். உங்களில் சிலர் வீட்டில் புதிதாக விறகுக் கணப்பு கட்டியிருக்கிறீர்கள். அதன் முன்னால் இருக்கிற தரைதான் இன்றைய பேச்சு.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம், 8ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். யாராவது தவறி விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். கடவுள் தந்த சட்டத்தில் கொத்தனார் வேலையும் இருக்கிறது! விழுகிறவரின் கவனக்குறைவைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பொறுப்பு முழுவதும் கட்டியவர் தலையில்.

கணப்பின் முன்தரையும் அப்படித்தான். பிசின் உள்ள விறகு வெடித்தால் தணல் தெறிக்கும். கனடாவின் கட்டட விதிப்படி, செங்கல் கணப்பின் வாயிலிருந்து முன்பக்கம் 400 மில்லிமீட்டர், இரு பக்கமும் 200 மில்லிமீட்டர் வரை தரை எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். இரும்பு அடுப்பு வைத்தவர்களுக்குக் கதவுப் பக்கம் 450. இவை குறைந்தபட்ச அளவுகள். மரத்தரைமேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தெறிக்கிற தணலை டைல்ஸ் தாங்கும். சூடோ அதன் வழியே இறங்கி அடியிலுள்ள பலகைக்குப் போய்ச் சேரும். நெடுநாள் சூடேறிக் காய்ந்த மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டித் தந்தவர் சொல்லை மட்டும் நம்பாமல், சான்று பெற்ற பரிசோதகர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். காப்புறுதி நிறுவனமும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும்.

சாம்பலுக்கும் மறைநூலில் இடம் உண்டு. பலிபீடத்துச் சாம்பல் சட்டிகள் வெண்கலத்தால் செய்யப்பட்டவை என்கிறது விடுதலைப் பயணம் 27. குரு உடை மாற்றிக்கொண்டு சாம்பலைப் பாளையத்துக்கு வெளியே எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறது லேவியர் 6. நாமோ அட்டைப்பெட்டியில் அள்ளி கராஜில் வைக்கிறோம்! சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள். மரத்தாலான டெக்கின் மேல் வேண்டாம்.

“ஆண்டவர் காப்பார், ஃபாதர்” என்பீர்கள். காப்பார். ஆனால் கோவிலின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று இயேசுவிடம் சொன்னது யார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்து பிறப்புக்கு வீடு நிறைய உறவினர் வருவார்கள். பிள்ளைகள் கணப்பின் முன் தரையில்தான் உட்காருவார்கள், அங்கேயே தூங்கியும் போவார்கள். கம்பளத்தையும் பரிசுப் பொதிகளையும் தள்ளி வையுங்கள். இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், அளவு நாடாவை எடுத்துத் தரையை அளந்து பாருங்கள். அளவு குறைந்தால், சரிசெய்யும்வரை நெருப்பு மூட்டாதீர்கள்.